எண்ணுஞ் செவியும்

எழுத்துக்கு மாத்திரை வகுத்தவர் நம் இலக்கண நூலார். கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் மாத்திரைக்கு அளவு என்றனர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என வரையறை செய்தனர். இவ்வாறு அளவு கூறிய தொல்காப்பியர் அவ்வளவில் அமைந்தாரல்லர். நூன்மரபின் இறுதிச் சூத்திரத்திலே, எழுத்துக்கள் தம் அளவைக் கடந்து ஒலித்தலும் ஒற்றுக்கள் நீண்டு இசைத்தலும் உள என்றும், அவை நரம்பைப் பற்றிய நூலுக்கு உரியன எனப் புலவர் கூறுவர் என்றும் ஒரு குறிப்பு வைத்துப் போந்தார். அளவு வகுத்தவரே அளவு கடக்கும் இடத்தையுஞ் சுட்டிய நேர்மை அது.

தொல்காப்பியர் அங்கே பேசியது ஒலிக்கும் காலத்தைப் பற்றி. சுருதியிலும் இத்தகைய கடத்தல் ஒன்று உண்டு. அதனை யான் கண்டது யாழிலன்று, வீணையிலன்று. கம்பி ஒன்றேனும் இல்லாத ஒரு பியானோவிலே.

எமது கல்லூரிக்குக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் இலக்கமுறைப் பியானோ ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தனர். பழைய மரப் பியானோ உப்புக் காற்றிலே துருவேறி ஊமையாகிப் பல்லாண்டு ஆயிற்று. ஆதலாற் புதிய கருவியின் வரவு எல்லார்க்கும் மகிழ்ச்சியே. உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிக்கும் மாணவன் ஒருவன், கைத்தொலைபேசியில் உள்ள சுருதிமானியைக் கொண்டு அதனைச் சோதித்தான். நடுக் கட்டைகள் ஒத்திருந்தன. மேலே செல்லச் செல்லச் சுரங்கள் கணக்கிலும் உயர்ந்தன. கீழே செல்லச் செல்லத் தாழ்ந்தன.

“சேர், பெட்டி பழுது. மேல் கட்டையெல்லாம் கூடிக் கிடக்குது, கீழ்க் கட்டையெல்லாம் குறைஞ்சு கிடக்குது” என்று அவன் அதிபரிடம் முறையிட்டான். கருவியின் அமைப்புப் பட்டியலிலே ஓரிடத்தில் ஒரு தெரிவை மாற்றினால் எல்லாக் கட்டையும் மானிக்கு இயைய நிற்பதையுங் கண்டுபிடித்து, அவ்வாறே மாற்றியும் விட்டான். இசையாசிரியை வாசித்துப் பார்த்தார். முகம் வாடிற்று. “ஏதோ செத்த மாதிரிக் கிடக்குது” என்றார். “ரீச்சர், மீற்றர் பொய் சொல்லாது” என்றான் மாணவன். “மீற்றர் பொய் சொல்லாது தம்பி. என்ர காதும் பொய் சொல்லேல்லை” என்றார் அவர்.

வழக்கு இவ்வாறு முற்றியது. பழுதான பொருள் வந்து சேர்ந்தது என்று கொடையாளருக்கு ஒரு கடிதம் எழுத அதிபர் ஆயத்தமானார். கடிதத்தை நல்ல தமிழில் அமைத்துத் தருமாறு என்னிடம் வந்தது பணி. மாணவன் மாற்றிய அந்தத் தெரிவுக்கு ஆங்கிலத்திலே ‘ஸ்ட்றெச் டியூனிங்’ என்று பெயர். அச்சொல்லின் பொருள் தெளியும்வரை கடிதம் நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் நாடினேன். அங்கே கற்றதை ஆசிரியரும் மாணாக்கரும் பயன்கொள்ளுமாறு ஈண்டு எழுதுகின்றேன்.

கணக்கிற் கொண்ட கம்பி

இழுத்துக் கட்டிய கம்பியை மீட்டினால் அது ஓர் ஒலியை மட்டும் தருவதில்லை. முழுநீளமும் ஒருங்கே அதிரும். அதனுடன் இரண்டு பாதியாகவும், மூன்று கூறாகவும், நான்கு கூறாகவும் ஒரே காலத்தில் அதிரும். ஒவ்வொன்றும் ஓர் ஒலி. இவற்றைக் கூற்றொலி என்று ஈண்டு வழங்குவோம். முதற் கூற்றொலி அடிப்படை. ஏனையவற்றைப் பௌதிக ஆசிரியர் மேற்றொனி என்பர். அடிப்படையின் மீடிறன் 440 ஹேர்ட்ஸ் ஆயின், அடுத்தவை 880, 1320, 1760 என முழுவெண் மடங்குகளாக ஏறும். பாடநூல் கூறுவது இதுவே.

ஒரு ஸ்தாயி என்பது மீடிறன் இரட்டிப்பது. 440க்கு மேலுள்ள அதே சுரம் 880. கீழ்க் கம்பியின் இரண்டாங் கூற்றொலியும் மேற்கம்பியின் அடிப்படையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து விடுவதாலே, இரண்டையும் சேர்த்து ஒலித்தால் செவி அவற்றை ஒன்றெனவே கொள்ளும். சிறிது விலகினாலோ ஒலி பெருகியுஞ் சிறுத்தும் அலையும். இதனைப் பௌதிகத்தில் அடிப்பு என்பர். செக்கனுக்கு எத்தனை அடிப்பு என்பது இரண்டு மீடிறன்களின் வித்தியாசம். சுருதி கூட்டுவோர் செவியாற் பிடிப்பது இந்த அடிப்பையே.

இதுவரை கணக்குஞ் செவியும் ஒருவழிச் சென்றன. ஆயின் பாடநூலிற் காணும் கம்பி, பருமன் அற்ற கம்பி. எத்தனை சிறு கூறாகவும் தடையின்றி வளைந்து கொடுப்பது. பியானோவிலுள்ள கம்பி உருக்குக் கம்பி. வளைக்கப் புகுந்தால் எதிர்த்து நிற்கும் விறைப்பு அதற்கு உண்டு. எத்தனை சிறு கூறாக அது மடிந்து அதிர வேண்டுமோ அத்தனைக்கு அவ்விறைப்பு மிகுதியாகத் தொழிற்படும், அதிர்வை விரைவுபடுத்தும். ஆகவே கூற்றொலிகள் முழுவெண் மடங்கில் நில்லாமல், ஏற ஏறக் கூடுதலாக உயர்ந்து செல்லும்.

பியானோவுக்குப் பியானோ இது வேறுபடும். ஒரு மாதிரிக் கணக்குச் சொல்வேன். 440இல் ஒலிக்கும் ஒரு கம்பியின் இரண்டாங் கூற்றொலி, விறைப்பின் காரணமாக 880 ஆகாமல் ஏறத்தாழ 880.5 ஆக நிற்பதாகக் கொள்வோம். அதே கம்பியின் எட்டாங் கூற்றொலி 3520இல் நில்லாமல் 3560க்கும் மேலே போய்விடும். இப்போது மேற் ஸ்தாயிக் கம்பியை மானி சொல்லும் 880இலே நிறுத்தினால் நிகழ்வது யாது? கீழ்க் கம்பியின் 880.5உம் மேற்கம்பியின் 880உம் மோதி, இரண்டு செக்கனுக்கு ஒரு முறை ஒலி அலையும். அலையை ஒழிக்க வேண்டுமாயின் மேற்கம்பியை அரை ஹேர்ட்ஸ் உயர்த்த வேண்டும். அதற்கு மேலுள்ள ஸ்தாயியில் இன்னுஞ் சிறிது. அதற்கும் மேலே இன்னுஞ் சிறிது. கீழ்நோக்கிச் செல்லும்போது இதே நியாயத்தால் ஒவ்வொரு ஸ்தாயியையுஞ் சிறிது தாழ்த்த வேண்டும். இவ்வாறு முழுக் கருவியும் நடுவிலிருந்து இருபுறமும் மெல்ல விரிந்து நிற்கும். இதுவே அந்த ஆங்கிலத் தொடரின் பொருள்.

கணக்குத் தவறவில்லை. கணக்கிற் கொண்ட கம்பிதான் உலகில் இல்லாத கம்பி.

விறைப்பு எல்லாக் கம்பிக்கும் ஒன்றன்று. கம்பி பருத்தால் மிகும், குறுகினால் மிகும், இழுவை ஏறினாற் குறையும். பியானோவின் 88 கட்டைகளுள் மேற்கோடிக் கட்டையின் கம்பி ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர்தான். அங்கே விறைப்பின் ஆட்சி பெரிது. கீழ்க்கோடிக் கம்பிகளைப் பருமனாக்கினால் அவையும் கோல்போலாகிவிடும் என்பதனாலேயே, மெல்லிய உருக்குக் கம்பியின்மேற் செப்புக் கம்பியைச் சுற்றிப் பாரத்தை ஏற்றினர். நீண்ட பெரும் பியானோவில் விறைப்பின் விளைவு குறைவு. சுவரோரம் நிற்கும் குறும் பியானோவில் மிகுதி. ஆகவே விரிவின் அளவும் கருவிக்குக் கருவி வேறு. எல்லாவற்றிற்கும் ஒரே வாய்பாடு இல்லை.

செவி முந்தியது

இதிலே வியக்கத் தக்கது முறையின் வரலாறு. இத்தாலியிலே புளோரன்ஸ் நகரில் கிறிஸ்ரோபோரி என்பார் முதற் பியானோவை 1700ஆம் ஆண்டளவிற் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இரும்புச் சட்டம் வந்தது, கம்பிகள் தடித்தன, இழுவை ஏறிற்று. இன்றைய பெரும் பியானோவில் எல்லாக் கம்பிகளின் இழுவையையுங் கூட்டினால் ஏறத்தாழ 20 தொன் ஆகும். இக்காலம் முழுவதும் சுருதி கூட்டுவோர் கையிலே மானி இருந்ததில்லை. ஓர் இசைக்கவை, ஒரு திருகி, ஒலியை அடக்கக் கம்பளித் துண்டு, இரண்டு செவி. இவற்றைக் கொண்டே கூட்டினர்.

விறைப்பின் கணக்கை ஆங்கில விஞ்ஞானி ரேலி 1877இல் வெளியிட்ட ஒலிநூலிலே ஆராய்ந்துள்ளார். எனினும் பியானோவைச் செவியாற் கூட்டுவோர் உண்மையில் எங்கே நிறுத்துகின்றனர் என்று கருவிகொண்டு அளந்து காட்டியவர் அமெரிக்கரான ரெயில்ஸ்பாக். ஆண்டு 1938. நன்கு கூட்டிய பியானோக்களை அளந்தபோது, நடுவிலே கணக்கோடு ஒத்தும், மேற்கோடியில் உயர்ந்தும், கீழ்க்கோடியில் தாழ்ந்தும் ஒரு வளைகோடு கிடைத்தது. கோடிகளில் விலகல் ஏறத்தாழ 30 சதம். அந்த வளைகோடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. விலகலுக்குக் காரணம் கம்பியின் விறைப்பே என்பதை ஷக், யங் என்னும் இருவர் 1943இல் அளவைகளோடு நிறுவினர். செவியாற் கூட்டியவர் அனைவருந் தம்மையறியாமல் ஒரே கோட்டிற் சென்றிருந்தனர். எண் பின்னே வந்து அவர் சென்ற தடத்தை அளந்தது.

சதம் என்றேன். அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். பியானோவிலே ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம இடைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு ரூபாய் நூறு சதம் ஆவதுபோல, அவ்விடை ஒவ்வொன்றையும் நூறு சதமாகப் பகுத்து அளக்கும் முறையை 1885ஆம் ஆண்டளவில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் அலெக்சாந்தர் எல்லிஸ் என்னும் ஆங்கில அறிஞர். பல நாட்டு இசைகளின் சுரத்தானங்களை, நம் நாட்டுப் புறத்தனவும் உட்பட, இவ்வளவையால் ஒப்புநோக்கினார். தமக்கு இசைச்செவி இல்லை என்பதை அறிந்த அவர், பிராட்வுட் பியானோ நிறுவனத்தைச் சார்ந்த ஹிப்கின்ஸ் என்பாரின் செவியைத் துணைக்கொண்டார். உலகுக்குச் சதத்தைத் தந்தவரே பியானோ அறிந்த ஒருவரின் செவியை நம்பி அளந்தார் என்பதை, கைத்தொலைபேசி மானியை நம்பும் மாணாக்கர் மறவாதிருப்பது நன்று.

விரிவு கம்பியின் குணம் மட்டுமா என்பதும் ஆராயப்பட்டது. கூற்றொலி ஏதுமில்லாத் தூய தொனிகளைக் கேட்பித்து, ஸ்தாயியைச் செவியால் அமைக்குமாறு கேட்டபோது, கேட்போர் அதனைக் கணக்கிலும் சிறிது அகலமாகவே அமைத்தனர் என்று வார்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1954இல் வெளியிட்டார். அது மேனாட்டார் பழக்கம் மட்டுமோ என்ற ஐயம் எழலாம். 1974இல் பேண்ஸ் என்பார் இந்திய இசைவாணரிடத்தும் இவ்வாய்வை நடத்தினார். அவர்களும் அகலமாகவே அமைத்தனர். ஆகவே விரிவிலே ஒரு பங்கு உருக்கினுடையது. ஒரு பங்கு நம் செவியினுடையது.

இளமையிற் கண்ட ஒரு காட்சி இங்கே நினைவுக்கு வருகின்றது. எண்பதுகளின் தொடக்கத்திலே, மிஷன் பாடசாலை மண்டபத்துப் பியானோவைக் கூட்டுவதற்கு ஆண்டுக்கொருமுறை கொழும்பிலிருந்து முதியவர் ஒருவர் வருவார். அவர் மேற்கம்பி ஒன்றைத் திருகி, அடிப்பு அடங்கிய பின்னும் காதைச் சாய்த்து, மயிரிழை ஏற்றி நிறுத்துவார். அருகே நின்று பார்த்த எங்களில் ஒருவன், கூடிப்போச்சோ ஐயா என்று கேட்டான். “கணக்குப் பார்த்தால் கூடத்தான் தம்பி. இறக்கினால் பியானோ சிரிக்காது” என்றார். யுத்தத்திலே பாதை மூடியபின் அவர் வருகை நின்றது. பியானோவும் நின்றது. அவர் செவியிற் சுமந்து வந்த தொழிலைத்தான் இன்று ஓர் இயந்திரத்தின் பட்டியலிலே ஒரு வரியாகக் காண்கின்றோம். அதனை ஒரு விரலால் அழிக்கலாம். அழித்தது பிறர்க்குத் தெரியாமலும் போகலாம்.

கம்பியில்லாக் கருவிக்கு ஏன்?

மாணவன் கேட்ட கேள்வி கூரியது. “கம்பியிருந்தால் விறைப்பிருக்கும். இதுக்குள்ள கம்பியே இல்லையே சேர்?” என்றான். கேள்வி நியாயமானது. கம்பியில்லாக் கருவிக்குக் கம்பியின் குணம் வேண்டாம் என்பது தருக்கத்திற்கும் ஒக்கும்.

விடை அக்கருவியின் பிறப்பில் உள்ளது. பல இலக்கமுறைப் பியானோக்கள், மெய்யான ஒரு பெரும் பியானோவின் கட்டைகளை மெல்லெனவும் வன்மையாகவும் அடித்து, அவ்வொலிகளைப் பதிந்து, நினைவகத்திலே சேமித்து வைத்தவை. கட்டையை அழுத்தும்போது நாம் கேட்பது அந்தப் பதிவு. பதிந்த ஒலிக்குள்ளே அந்தக் கம்பியின் கூற்றொலிகள் அத்தனையும் உள. அவை உயர்ந்து நின்றவாறே உள. தெரிவை ‘இல்லை’ என்று மாற்றும்போது கட்டைகளின் அடிப்படைச் சுருதி மட்டுமே கணக்குக்கு இறங்குகின்றது. உள்ளிருக்கும் கூற்றொலிகளின் விலகல் இறங்குவதில்லை. விளைவு யாது? கம்பி விரிந்தே நிற்கின்றது. கட்டைகள் விரிய மறுக்கின்றன. ஸ்தாயிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இசையாசிரியை ‘செத்த மாதிரி’ என்றது இதனையே.

வேறு சில கருவிகள் பதிவைக் கொள்ளாமல், கம்பியின் அதிர்வைக் கணிதத்தால் உருவாக்கி ஒலிப்பன. பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து 2006இல் வெளிவந்த ‘பியானோரெக்’ என்னும் மென்பொருள் அத்தகையது. அங்கேயும் விறைப்பைக் கணக்கிற் சேர்த்தே ஒலி பிறப்பிக்கப்படுகின்றது. ஸ்தாயி விரிவைக் கூட்டவுங் குறைக்கவும் தனியே இடம் உண்டு. விறைப்பை நீக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதனையும் பார்த்துள்ளனர். பிளெற்சரும் அவர்தம் துணைவரும் 1962இல் வெளியிட்ட ஆய்விலே, கூற்றொலிகளைச் சரியான முழுவெண் மடங்கில் அடுக்கிச் செயற்கையாகச் செய்த ஒலி பியானோவுக்குரிய வெம்மை குன்றி ஒலித்தது என்று கண்டனர். குற்றம் என்று நாம் நீக்கப் புகும் அந்த விலகலே பியானோவின் குரல்.

மாணவனுக்கு விளங்கிற்று. ஆயினும் விளங்குவது வேறு, கேட்பது வேறு. ஒரு மாலை மண்டபத்திலே இசையாசிரியை கருவிக்குப் புறங்காட்டி அமர்ந்தார். மாணவன் இரு நிலைகளையும் மாறிமாறி வைத்து, கீழ்க் கட்டை ஒன்றையும் அதன் மூன்றாம் ஸ்தாயியையும் சேர்த்து அழுத்தினான். அவர் ஒவ்வொரு முறையும், எது விரிந்தது, எது விரியாதது என்று பிசகாமற் சொன்னார். பின்னர் இருக்கை மாறிற்று. முதலில் அவனுக்கு வேறுபாடு தோன்றவில்லை. அடிப்பைத் தேடிக் கேட்குமாறு அவர் சொல்லிக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு, “இப்ப ஆடுது… இப்ப ஆடேல்லை” என்றான். அதன்பின் மானியை அவன் எடுக்கவில்லை. கொடையாளருக்கு நான் எழுதிக் கொடுத்தது நன்றிக் கடிதம்.

கூட்டுமாறு

இத்தகைய கருவிகள் இன்று பல பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் உள. ஆதலால் அமைக்கும் முறையையுஞ் சிறிது கூறுவேன். தெரிவுகளின் பெயர் கருவிக்குக் கருவி வேறுபடும். சிலவற்றில் ‘உண்டு, இல்லை’ என இரண்டே நிலை. சிலவற்றில் ‘இயல்பு, அகலம்’ எனப் பல நிலை. சிலவற்றிலே 88 கட்டைகளையுந் தனித்தனியே சதக் கணக்கில் ஏற்றியிறக்கலாம்.

முதலில் நடுச் சுருதியை நிறுத்துக. 440 என்பது உலகப் பொதுவழக்கு. அதன்பின் விரிவை ‘இயல்பு’ நிலையில் வைக்க. பின்னர்ச் செவியாற் சோதிக்க: நடுக் கட்டை ஒன்றை அதன் மேற் ஸ்தாயியோடும், இரண்டாம் ஸ்தாயியோடும், மூன்றாம் ஸ்தாயியோடும் சேர்த்து, ஒலி தேயும்வரை கேட்க. அவ்வாறே கீழ்நோக்கியும் கேட்க. அடிப்பு மெதுவாகவோ இல்லாமலோ இருப்பின் அந்நிலை அமையும். கீழ்க் கட்டைகளைச் சோதிக்கும்போது சிறிய ஒலிபெருக்கிகளை நம்பற்க. அவை அடிப்படை ஒலியைத் தரமாட்டா. நல்ல காதொலிப்பானிற் கேட்க. ‘அகலம்’ என்ற நிலையைச் சிறப்பென எண்ணி எடுத்தவுடன் இடற்க. குறும் பியானோவுக்குரிய விரிவை, பெரும் பியானோவின் பதிவுக்கு ஏற்றினால் அதுவும் உரசும். கட்டைகளைத் தனித்தனியே மாற்றுதல் பயிற்சியுடையார்க்கே ஆகும்.

விரிவை விலக்க வேண்டிய இடமும் உண்டு. குழல், வயலின், ஹார்மோனியம், குழாய் ஓர்கன், மனிதக் குரல் ஆகிய இவற்றிலே காற்றோ வில்லோ அதிர்வை இடையறாது செலுத்திக் கொண்டிருக்கின்றது. ஆகவே அவற்றின் கூற்றொலிகள் முழுவெண் மடங்கிலேயே நிற்கும். விரிவு அவற்றுக்கு வேண்டா. பியானோவின் நடுப்பகுதியிலே விலகல் ஓரிரு சதமே ஆதலால், அவற்றோடு சேர்ந்து வாசிப்பதில் இடர் இல்லை. உச்சக் கட்டைகளிலே குழலோடு ஒன்றாகச் செல்ல வேண்டிய பாட்டாயின், விரிவைக் குறைத்தல் நன்று. அதே பெட்டியில் ஓர்கன் ஒலியையோ வயலின் கூட்ட ஒலியையோ பியானோவோடு அடுக்கி வாசிக்கும்போதும் இதனைக் கவனிக்க. தனித்து ஒலிக்கும் பியானோவுக்கு ஒரு நீதி. கூட்டத்தில் ஒலிக்கும் பியானோவுக்கு ஒரு நீதி.

பெயர் யாது?

சொல்லைத் தேடியல்லவா புறப்பட்டோம்? ‘நீட்டிய சுருதி’ என்று சிலர் சொல்லக் கேட்டேன். எனக்கு அது உவப்பில்லை. தமிழில் நீட்டல் என்பது காலத்தைப் பற்றி நிற்கும். குறில் நெடிலாவது நீட்டல். ஈண்டு நிகழ்வது கால நீட்சியன்று; சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள இடை அகலுதல். ஆகவே ‘விரிசுருதி’ என்று எழுதிக் கொடுத்தேன். விரிந்த, விரிகின்ற, விரியும் என மூன்று காலத்துக்கும் ஒத்த வினைத்தொகை அது. நடுவினின்று கோடிவரை மெல்ல விரிந்துகொண்டே போகும் இயல்பை அச்சொல் காட்டும். செய்யுள் விகாரங்களுள் விரித்தல் என்று ஒன்றுண்டே, அதனோடு மயங்காதோ என்று நண்பர் ஒருவர் வினவினார். மயங்காது. செய்யுளில் விரித்தல் விகாரம். பியானோவில் விரிதல் இயல்பு. கணக்கு வழியில் நிறுத்துவதே அங்கு விகாரம்.

நம் இசைத்தமிழ் ஆராய்ச்சிக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலே, ஸ்தாயி ஒன்றிற் சுருதி எத்தனை என்ற வழக்கை எண்ணால் ஆராய்ந்தார். நம் விபுலாநந்த அடிகள் 1947இல் அரங்கேற்றிய யாழ்நூலிலே, குரல், இளி முதலிய நரம்புகளின் உறவை விகிதங்களாற் கணித்தார். அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். கணித்ததோடு நில்லாமல், கணித்தபடி யாழ்களைச் செய்வித்து அவைக்கண் இசைப்பித்தார். எண்ணைச் செவியின் முன் கொண்டுவந்து நிறுத்தியது அச்செயல். இளிக்கு 3:2 என்ற விகிதம் நூலிலே தெளிவானது. சதத்திற் சொன்னால் 702. நரம்பாலாகிய பண்டை யாழில் விறைப்பு மிகக் குறைவாதலின் அவ்விகிதம் அங்கே அமைதியாக நிற்கும். உருக்குக் கம்பி பூண்ட கருவியில் எத்துணை நிற்கும் என்பதை அக்கருவியைக் கேட்டே சொல்ல வேண்டும். பழந்தமிழ்ப் பண்களை இலக்கமுறைக் கருவிகளிலே அமைத்துக் காட்ட முயலும் இளைஞர் இதனைக் கருத்தில் இருத்துவாராக. விகிதத்தை மட்டும் இட்டு, ஒலிக்கும் பொருளை மறந்தால், பண் பிழைக்கும். பழி விகிதத்தின்மேல் விழும்.

இதனாற் செவிக்குத் தோன்றியதெல்லாஞ் சரி என்று கொள்ளற்க. பயிலாச் செவி மானியினும் பெரும் பிழை செய்யும். விரிசுருதி தன்னிச்சையன்று; அதற்கு விறைப்பு என்னும் காரணம் உண்டு, கணிதம் உண்டு, வளைகோடு உண்டு. இலக்கியத்திலிருந்தே இலக்கணம் எடுக்கப்படும் என்பது நம் முன்னோர் கொள்கை. எடுத்த இலக்கணத்தை மீண்டும் இலக்கியத்தோடு ஒப்பு நோக்குதலும் அவர் கொள்கையே. அது செய்யாத ஆசிரியர், நல்ல செய்யுளைப் பிழையென்று சிவப்பு மையால் அடிப்பார். அது செய்யாத மாணவன், நல்ல பியானோவைப் பழுதென்று திருப்பி அனுப்பப் பார்ப்பான்.

பியானோ இல்லாத பாடசாலையிலும் இப்பாடத்தை நடத்தலாம். உயர்தர வகுப்புள்ள கல்லூரிகளின் ஆய்வுகூடத்திலே சுரமானி இருக்கும். பரீட்சைக்காக மட்டும் எடுத்து, பின் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது வழக்கம். அதனை வெளியே எடுத்து, இரண்டு கம்பி பூட்டி, ஒன்றை மெல்லியதாகவும் ஒன்றைத் தடித்ததாகவும் வைத்து, மாணாக்கரைச் சுற்றிலும் இருத்துக. மானியை மேசையிற் கவிழ்த்து வைக்கச் சொல்க. ஒரு கம்பியை மெல்லத் திருகி, அடிப்பு விரைவதும், தளர்வதும், அடங்குவதும் அவர் செவிக்குப் புலனாகும்வரை காத்திருக்க. புலனான பின்னர் மானியை நிமிர்த்துக. எண் எங்கே நிற்கின்றது, செவி எங்கே நிற்கின்றது என்று இரண்டையும் கொப்பியில் எழுதி, இடையிலுள்ள வேறுபாட்டுக்குக் காரணம் அவர்களையே கேட்க.